தொப்பிச் சத்தம் இல்லாத நாதஸ்வரம்

கேள்வி: எனக்கு வயது 27. எட்டு ஆண்டுகளாக எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் வெறியன். சிறந்த 100 ஆல்பங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். பிரெஞ்சு இரட்டையர் டாஃப்ட் பங்கின் ‘ஹோம்வொர்க்’ முதலிடம். டீஜேக்கள் பிறர் பாட்டுகளை இடைவெளியில்லாமல் கோத்துத் தரும் மிக்ஸ் ஆல்பங்களுக்கு அதில் இடமில்லை. அடுத்தவர் பாட்டை ஒட்டுவது கலை ஆகாது என்பது என் கருத்து. வீட்டில் யாருக்கும் என் ரசனை புரியவில்லை. “இது பாட்டா, மில்லு ஓடுற சத்தமா? ஒரே டம் டம்” என்கிறார் அப்பா. ராத்திரி சாப்பிடும்போது போனில் ‘ஹோம்வொர்க்’ போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். எந்த ஆல்பத்தைப் போட்டால் அவர் இதையும் இசை என்று ஒப்புக்கொள்வார்? (ஹாலில் சும்மா கிடந்த அப்பாவின் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் என் அறைக்கு மாற்றிக்கொண்டேன். அப்பா இப்போது நாதஸ்வரத்தைப் போனிலேயே கேட்டுக்கொள்கிறார். ஒரு ஸ்பீக்கர் கொஞ்ச நாளாக இரைகிறது. புதிதாக எது வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.)
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, ஆல்பம் பிறகு. அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அங்கேயே நான் நின்றுவிட்டேன். ஸ்பீக்கர் சும்மா கிடந்தது என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, அப்பா இப்போது போனில் கேட்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் அதற்கு முன்பு எதில் கேட்டார்? அந்த ஸ்பீக்கர் சும்மா கிடக்கவில்லை. வீட்டின் மூத்தவர் அதில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் தூக்கிக்கொண்டு போனீர்கள். பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் “சும்மா கிடந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள்.

ரசனை வீட்டில் புரியவில்லை என்ற கடிதம் இந்தப் பகுதிக்கு மாதம் தவறாமல் வருகிறது. பெரியவர்கள் அப்படித்தான், மனம் தளராதீர்கள் என்று நான் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு இடமே இல்லை. வீட்டில் பொதுவாக இருந்த ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர், வீடு தன்னோடு சேர்ந்து கேட்கவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

நடந்தது என்னவென்று ஒலிக் கணக்காகவே பாருங்கள். இந்த இசையில் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும் கிக் டிரம்மின் பலம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவும் வராது. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் ‘ஹோம்வொர்க்’ என்ற பெயரில் அப்பா கேட்டது, கிக்கும் பேஸும் (கனத்த தாழ்ந்த ஒலி) போய் எஞ்சிய உஸ் உஸ் மட்டும். ராத்திரி உங்கள் அறையில் ஓடும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். கதவும் சுவரும் மேல் ஒலிகளைத் தடுத்துவிடும், தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கு மெட்டு இல்லை, சின்தசைசர் ஒலி இல்லை, கிக் மட்டும்தான் வரும். “ஒரே டம் டம்” என்று அவர் சொன்னதில் வெறுப்பு எதுவும் இல்லை. காதில் விழுந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார்.

அவருடைய நாதஸ்வரத்துக்கும் இதே கதிதான். தவிலில் வலந்தலையை விரலில் கூடு மாட்டி வாசிப்பார்கள், அது போனிலும் கேட்கும். இடப்பக்கத் தொப்பியைக் கழியால் அடிக்கும்போது எழும் கனத்த ஒலிதான் தவிலுக்கே அஸ்திவாரம். போனில் அது காணாமல் போகிறது. அப்பாவிடம் இருப்பது தொப்பிச் சத்தம் இல்லாத நாதஸ்வரக் கச்சேரி. பேஸ் இல்லாத டெக்னோவை உங்களால் பத்து நிமிடம் கேட்க முடியுமா? அவர் தினமும் கேட்கிறார்.

இனி அந்த இரைச்சல். புதிதாக எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், கெட்டது எதனால் என்று கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றுங்கள். நடுவில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரத்தில் பதினைந்து இருபது ஆண்டுகளில் பொடிந்துவிடும். விரல் பட்டதும் ஒட்டினாலோ உதிர்ந்தாலோ, இரைச்சலுக்குக் காரணம் அதுதான். வளையம் நன்றாக இருந்தால், இரண்டு கை விரல்களையும் கோனின் இருபுறமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் இடிக்கிறது என்று பொருள். இரண்டும் இல்லையென்றால் பெட்டியின் திருகுகளை இறுக்குங்கள், அதில் அதிர்வதும் உண்டு. ஃபோமையும் காயிலையும் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் மாற்றித் தருவார்கள். இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றின் விளிம்பு போயிருந்தால் அதே வயதான மற்றதும் அதிக நாள் தாங்காது. செலவு உங்கள் சம்பளத்திலிருந்து.

எப்படிக் கெட்டிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் குமிழை முழுக்கத் திருகி, பேஸை இன்னும் தூக்கும் லவுட்னஸ் பொத்தானையும் அழுத்தி, பழைய வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மணிக்கணக்காகக் கிக் ஓடினால் கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் போகும். ஆம்ப்ளிஃபயரின் சக்தி தீர்ந்த இடத்தில் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்படி வெட்டுப்பட்ட ஒலிதான், மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கருக்குகிறது. நாதஸ்வரம் கேட்டவர் கையில் பல ஆண்டுகள் பழுதில்லாமல் இருந்த ஸ்பீக்கர் உங்களிடம் வந்தபின் இரைகிறது. இதற்கு நீங்கள் அப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சரியானதும் ஹாலுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மூலையில் தள்ளாதீர்கள், பேஸ் வீங்கிப் போய் மற்றதை மூடிவிடும். சுவரிலிருந்து ஒரு அடியாவது விட்டு, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு ட்வீட்டர் வரும்படி வையுங்கள். ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும், பாட்டு சப்பென்று இருக்கும். அப்பாவின் போனிலிருந்து ஒயர் கொடுப்பதானால் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஆக்ஸ் என்ற துளையில் செருகுங்கள். ஃபோனோ என்பது இசைத்தட்டு பிளேயருக்கானது, அதில் செருகினால் கரகரவென்று அலறும். லவுட்னஸ் பொத்தான் அழுந்தியிருந்தால் அணைத்துவிடுங்கள். அப்பா ஒரே கையால் போடுமளவுக்கு எல்லாவற்றையும் எளிதாக்கி வைப்பதும் உங்கள் வேலைதான்.

உங்கள் அறைக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும். உலக சுகாதார அமைப்பின் வரம்பு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 ஆனால் வெறும் 4 மணி நேரம். எட்டு ஆண்டு வெறியருக்கு இந்தக் கணக்கு அவசியம்.

பிறகு ஒரு மாதம், அந்த ஸ்பீக்கரில் நாதஸ்வரம் மட்டும். உங்கள் ஆல்பம் பற்றி ஒரு பேச்சும் வேண்டாம். கையில் போன் இல்லாமல் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். தொடையில் தாளம் போடும் அவர் கையைப் பாருங்கள். ஆதி தாளம் எட்டு அட்சரம். உங்கள் இசையில் நான்கு அடி ஒரு பார், ஆகவே இரண்டு பார் ஒரு ஆவர்த்தனம். ஹவுஸ், டெக்னோ பாட்டுகளில் புதிதாக ஒரு ஒலி நுழைவதும் பழையது விலகுவதும் பெரும்பாலும் 16 பார் முடியும் இடத்தில்தான், அதாவது எட்டு ஆவர்த்தனம் முடிந்த இடத்தில். நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் அது சரியாக 30 விநாடி. தாளம் போடத் தெரிந்தவருக்கு மாற்றம் எங்கே வரும் என்பதை ஒரு தடவை காட்டினால் போதும், அடுத்ததை அவரே பிடித்துவிடுவார். இவ்வளவு பயின்ற காதைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மிக்ஸ் பற்றிய உங்கள் கருத்தும் இந்தக் காதில்லாத குறையால் வந்ததுதான். டீஜேக்கள் தட்டு சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். 126 அடியில் ஓடும் தட்டை 130க்கு ஏற்றினால் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, அதோடு சுருதியும் ஏறுகிறது. 6 சதவீதம் ஏற்றினால் ஏறக்குறைய அரைச் சுரம். தாளம் கச்சிதமாகச் சேர்ந்தும் சுருதி சேராமல் நாராசமாகும் மிக்ஸ்கள் இதனால்தான். கூடவே இரண்டு பேஸ்லைன் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குழம்பும், ஆகவே ஒன்றின் தாழ்ஒலியை இறக்கும் நொடியில் மற்றதை ஏற்ற வேண்டும், அதுவும் 16 பார் முடிகிற இடத்தில். இத்தனைக்கும் மேல் எந்தத் தட்டுக்குப் பிறகு எது என்ற தேர்வு இருக்கிறது. டீஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் 1996இல் வெளியிட்ட ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ இரண்டு டிஸ்க். மிதமாகத் தொடங்கி, எங்கே ஏறினோம் என்றே தெரியாமல் ஏற்றிக் கொண்டுபோகும். டெக்னோ டீஜே ஜெஃப் மில்ஸ் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் வாசித்த மிக்ஸில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் 30க்கும் மேற்பட்ட தட்டுகள் மாறுகின்றன. இதை ஒட்டுவேலை என்று ஒதுக்கியவர் முதலிடம் கொடுத்தது எதற்கு? 1997இன் ‘ஹோம்வொர்க்’கில் பல துண்டுகள் டீஜேக்கள் கலந்து வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அருமையான ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் மிக்ஸை விலக்கிவிட்டு அதை மட்டும் உச்சியில் வைத்தால் பட்டியல் தன் காலையே வாரிவிட்டுக்கொள்கிறது. மிக்ஸ் கேட்கும்போது, பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளையும் ஒன்றை மங்கவைத்து அடுத்ததை ஏற்றும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு அரை நொடி இடைவெளி விழுந்தாலும் மிக்ஸ் செத்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்டது. ராகப் பெயரைப் பார்த்துவிட்டு, இந்தி சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கின் ஆல்பத்தில் பாய்ந்துவிடுவீர்கள் என்று தெரியும். 1982இல் பம்பாயிலிருந்து வந்த ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. ரோலண்ட் டிபி-303 (பேஸ் சின்தசைசர்), டிஆர்-808 (டிரம் இயந்திரம்), ஜூபிட்டர்-8 (சின்தசைசர்) மூன்றையும் வைத்துப் பத்து ராகம். அதே 303ஐ முறுக்கிச் சிகாகோவில் ஃபியூச்சர் குழு ஆசிட் ஹவுஸ் தட்டை வெளியிட்டது 1987இல்தான். நல்ல தேர்வு, ஆனால் இரண்டாவதாக. அதில் உள்ள தோடி இந்துஸ்தானி தோடி. நம் கணக்கில் அது சுபபந்துவராளி. நாதஸ்வரத்தில் தோடி கேட்டு வளர்ந்தவரிடம் “தோடி கேளுங்கப்பா” என்று அதைப் போட்டால் அன்றோடு முடிந்தது. மால்கௌன்ஸ் என்று இருப்பதைப் போடுங்கள், நம் ஹிந்தோளம். அடுத்து பூபாலி, அதாவது மோகனம்.

முதலில் போட வேண்டியது உங்கள் நூறில் இல்லவே இல்லை. ஜெர்மன் கிதார் கலைஞர் மானுவல் கோட்ஷிங்கின் ‘ஈ2-ஈ4’. பெர்லினில் 1981 டிசம்பரில் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவானது, 1984இல் வெளிவந்தது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டே கார்டுகள் மாறி மாறி வர, அதன்மேல் சின்னச் சின்ன மாற்றங்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். பாதி தாண்டும் வேளையில் கிதார் நுழையும். ஒரே ராகத்தை அவசரமில்லாமல் விரித்துக்கொண்டு போவதைக் கேட்டுப் பழகியவருக்கு இந்தப் பொறுமை அந்நியமில்லை. தாளமும் காதைக் குத்தாது. சாப்பிடும்போது வேண்டாம். அவர் வழக்கமாகக் கேட்கும் நேரம் முடிந்தபிறகு, அவர் வைத்த வால்யூமிலேயே, “இதையும் கொஞ்சம் கேளுங்கப்பா” என்று சொல்லிப் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவுரை நடத்தாதீர்கள். எழுந்து போனால் போகட்டும், கூப்பிடாதீர்கள்.

ஆர்பிட்டல் என்ற இங்கிலாந்து எலெக்ட்ரானிக் இசைச் சகோதரர்களின் முதல் தட்டு அப்பாவின் கேசட் டெக்கில் பதிவானதுதானே என்று பதில் கடிதம் எழுதிவிடாதீர்கள். அதில் அவர்கள் ஒரு பாட்டைப் பதிந்தார்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

ஸ்பீக்கரை ஹாலுக்குக் கொண்டுவரும் அன்று அப்பா வீட்டில் இருக்கட்டும். எங்கே இருந்ததோ அங்கேயே வைக்கட்டுமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் காட்டும் இடம் மூலையாகவே இருந்தாலும், சுவரிலிருந்து ஒரு அடி என்று நான் சொன்னதை மறந்துவிட்டு அங்கேயே வையுங்கள்.