பழைய வேட்டி, புது நைட்டி – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு இது எட்டாம் மாதம், முதல் குழந்தை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன், போன மாதம் நின்றுவிட்டேன். கணவர் சம்பளத்தில்தான் இப்போது குடும்பம் ஓடுகிறது. குழந்தைத் துணி விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வீட்டில் அம்மாவின் பழைய தையல் மிஷின் இருக்கிறது. நேராகத் தைக்கத் தெரியும், அவ்வளவுதான். காதர்பேட்டையில் கட்பீஸ் வாங்கி எல்லாவற்றையும் நானே தைத்துவிடலாம் என்று பட்டியல் போட்டேன். ஜபலா, குல்லா, கையுறை, காலுறை, தலையணை, மெத்தை என்று 40 உருப்படி வந்துவிட்டது. பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் அத்தை, "பிறக்கறதுக்கு முன்னால புதுத்துணி தைக்கக் கூடாது" என்கிறார். அவரை மீறவும் மனமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. எதில் ஆரம்பிக்கட்டும்?

க., திருப்பூர்

அன்புள்ள க,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். நாற்பதில் உங்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. பிறந்த குழந்தைக்கு வேண்டியது கொஞ்சம்தான், அதுவும் வீட்டில் இருக்கும் பழைய துணியிலேயே முடிந்துவிடும். மிஷினில் உட்காரும் நேரத்தில் முக்கால்வாசி உங்களுக்காகப் போகட்டும்.

அத்தை சொல்வதற்கு நீங்கள் தாராளமாகச் சரி என்று சொல்லலாம். அவர் வேண்டாம் என்பது புதுத்துணியைத்தானே? புதுத்துணியில் கஞ்சி இருக்கும், அலசாத சாயமும் இருக்கும். வீட்டில் ஒரு புதுத்துணியையும் ஒரு பழைய நூல் வேட்டியையும் விரித்து ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புதுத்துணியில் சொட்டு சற்று நேரம் முத்தாக நிற்கும், வேட்டியில் விழுந்ததுமே பரவி மறையும். நூறு முறை துவைத்து நூல் தளர்ந்த அந்தத் துணிதான் குழந்தையின் தோலுக்கு ஏற்றது. அதனால் இப்போது பழையதில் தையுங்கள். கட்பீஸ் சட்டையெல்லாம் பெயர் வைக்கும் நாளுக்கு இருக்கட்டும்.

பழையது என்றாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இப்போது வரும் வேட்டிகளில் பாலியெஸ்டர் கலப்பு நிறைய. ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் உதிரும். கலப்பு என்றால் உருகிச் சின்ன மணி போலக் கட்டியாகும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று பாச்சை உருண்டை. பெட்டியில் அந்த உருண்டையோடு கிடந்த துணியைக் குழந்தைக்கு எடுக்கவே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் பட்டால் அவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். உங்கள் குழந்தைக்கு அது இருக்கிறதா என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு தடவை துவைத்தாலும் வாசம் போகாது. அந்த வேட்டி தரை துடைக்கப் போகட்டும்.

சரி, தையலுக்கு வருவோம். நாலு முழ வேட்டி ஒன்றில் நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு என்று ஆறு சதுரம் வரும். சுற்றிலும் ஓரம் மடித்து நேராக அடித்தால் போதும், உங்களுக்குத் தெரிந்த தையல்தான். நாலு வேட்டி இருந்தால் 24 சதுரம். மூலைக்கு மூலை மடித்தால் இடுப்பில் கட்டலாம், நாலாக மடித்தால் அடியில் போடலாம், தோளில் போட்டுக்கொண்டு ஏப்பம் விட வைக்கலாம். கடையில் மூன்று பெயரில் மூன்று விலைக்கு விற்பது இந்த ஒரே சதுரம்தான். துணி கட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணியை நனைத்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். கொடியைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் மட்டும் போடாதீர்கள், துணி உறிஞ்சாமல் போகும்.

ஜபலா ஆறு போதும். துணியைத் தோளில் மடிப்பு வரும்படி போட்டு, முன்னும் பின்னும் கையும் ஒரே துண்டாக வெட்டுங்கள். அப்போது தோளிலும் தையல் வராது, கை தனியாக இணைக்கவும் வேண்டாம். மார்புச் சுற்று 18 அங்குலம், நீளம் 11 அங்குலம் வைத்தால் இரண்டு மாதம் வரை வரும். நம் ஊரில் முதுகில் திறப்பு வைத்து முடிச்சுப் போடுவது வழக்கம். குழந்தை நாள் முழுக்க மல்லாந்து கிடக்கிறது, அந்த முடிச்சு முதுகில்தான் உறுத்தும். நீங்கள் முன்பக்கம் திறப்பு வையுங்கள். நாடா மார்புக்குக் கீழே, விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். கழுத்தில் நாடாவே வேண்டாம். பட்டனும் வேண்டாம். பக்கத் தையலின் பிசிறை வெளிப்பக்கம் வரும்படி விட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் அக்குளில் உரசாது.

தலையணை, மெத்தை இரண்டையும் பட்டியலில் அடித்துவிடுங்கள். பிறந்த குழந்தைக்குத் தலையணை ஆகாது. முகம் புதைந்தால் குழந்தையால் திரும்பிக்கொள்ள முடியாது. கடுகுத் தலையணையும் இதில் சேர்த்திதான். குல்லா ஒன்றிரண்டு இருக்கட்டும், ஆனால் திருப்பூர் வெயிலில் வீட்டுக்குள் எந்நேரமும் குல்லா மாட்டினால் குழந்தைக்குச் சூடு ஏறும்.

கையுறை, காலுறை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என் தங்கை மகன் நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது ஒரு மாலை நிற்காமல் அழுதான். பால் கொடுத்தாள், ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துணியெல்லாம் கழற்றிப் பார்க்கலாம் என்று காலுறையை இழுத்தேன், ஒரு விரலில் மாட்டிக்கொண்டு வரவில்லை. உள்ளே பிசிறு நூல் ஒன்று இரண்டாம் விரலைச் சுற்றி இறுகியிருந்தது. விரல் நுனி நாவல்பழ நிறத்தில் இருந்தது. சின்னக் கத்தரியின் முனையை உள்ளே விட்டு நூலை அறுத்தபோது என் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. நூல் தோலுக்குள் புதைந்திருந்தால் மருத்துவமனைக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். ஆகவே கையுறை தைக்காதீர்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். காலுறை போட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் உள்பக்கம் வெளியே திருப்பி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது உங்களுக்கு. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை. உங்களுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும் என்றே வேண்டுகிறேன். ஆனால் பாவாடை இரண்டுக்கும் தயாராக இருக்கட்டும். நாடாவை இறுக்கிக் கட்டும் நம் பாவாடை, ஆறாத வயிற்றுக்குப் பெரிய தொல்லை. இங்கேதான் உங்கள் காதர்பேட்டை உதவும். பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி கட்பீஸாகக் கேளுங்கள். பழைய பாவாடையின் நாடாப் பட்டியை வெட்டி எடுத்துவிட்டு, பத்து அங்குல அகல ரிப் துண்டை இரண்டாக மடித்து அந்த இடத்தில் வைத்துத் தையுங்கள். இடுப்பைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, மெல்ல இழுத்தபடி தைக்க வேண்டும். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி போடுங்கள், சாதா ஊசி பனியன் துணியில் ஓட்டை போடும். இந்தப் பட்டி தொப்புளுக்கு மேலே பரவலாக உட்காரும், காயத்தின் மேல் எதுவும் இறுக்காது.

அப்புறம் நைட்டி. கடை நைட்டியில் நடுவே ஒரு குட்டி ஜிப் இருக்கும். அதில் பால் கொடுத்தால் ஜிப்பின் பல் குழந்தையின் கன்னத்தில் கீறும், ஆள் வந்தால் மறைக்கவும் வழியில்லை. நடு ஜிப்பைத் தைத்து மூடிவிடுங்கள். தோளிலிருந்து நாலு அங்குலம் கீழே தொடங்கி, இரண்டு பக்கமும் செங்குத்தாக எட்டு அங்குலம் வெட்டி ஜிப் வையுங்கள். ஜிப்புக்கு உள்பக்கம் விரல் அகலப் பட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் திறக்க வருகிறதா என்று இப்போதே ஒரு துணிப் பொட்டலத்தை வைத்துப் பழகிப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு அதுதான் கைகொடுக்கும். மீந்த வேட்டித் துண்டில் ஐந்து அங்குல வட்டம் வெட்டி, நாலு மடிப்புக்கு நடுவே ஒரு பழைய குளியல் துண்டின் வட்டத்தை வைத்து ஓரம் அடித்தால், பால் கசியும்போது உள்ளே வைத்துக்கொள்ளலாம். எட்டு ஜோடி செய்யுங்கள்.

நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு 2015-இல் கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்தில்கூட, துண்டு, சட்டை, கொசுவலையோடு அம்மாவுக்கென்று சோப்பும் சுண்டி லேகியமும் வைத்தார்கள். உங்கள் பட்டியலிலும் உங்களுக்கு ஓர் இடம் கொடுங்கள்.

தூளிக்கு நான் எதுவும் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்களா? அதை அத்தையிடம் விட்டுவிடுங்கள். அவர் புடவையில் நல்ல நூல் புடவை ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கணவர் கிடந்த தூளி எந்தப் புடவை என்று அவருக்கு நினைவிருக்கும். அப்படியே ஜபலாவுக்கு வேட்டியும் அவர் கையாலேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்
அக்கா