எம்ப்ராய்டரி, கம்ப்யூட்டர், நட்சத்திரம் மூணுமே பிடிக்கும், ஒண்ணா சேத்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அம்பாசமுத்திரத்துல மொட்டமாடில ஒக்காந்து நான் அதத்தான் செஞ்சிட்டு இருக்கேன். ஸ்டெல்லேரியம்னு வானத்த அப்படியே காட்டுற ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, ஊர திருநெல்வேலின்னு வச்சி பிப்ரவரி நடுவுல ராத்திரி ஒம்பது மணி வானத்த போட்டீங்கன்னா தெக்க சுமார் 28 டிகிரி உசரத்துல அகத்தியர் நட்சத்திரம் (இங்கிலீஷ்ல கனோபஸ்) நிக்கும், டெல்லில அது 10 டிகிரி கூட ஏறாது, நம்ம பொதிகை முனிவர் பேருல்லா! அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டு, கருநீலத் துணியில வெள்ள கார்பன் பேப்பர் வச்சி புள்ளி எடுத்துக்கிடணும்.

இனிமேதான் சங்கதி. எம்ப்ராய்டரி நூல பிரிச்சா ஆறு இழை வரும்லா, வெறுங்கண்ணுக்குத் தெரியுற நட்சத்திரத்துக்கும் சுமாரா 6 வரைக்கும்தான் மேக்னிட்யூட்ங்கற வெளிச்ச அளவு நம்பர், நம்பர் கூடக்கூட மங்கல். அப்போ 1க்கு ஆறு இழை, 6க்கு ஒத்த இழை. ஊசில ரெண்டு சுத்து சுத்தி பிரெஞ்சு நாட்ங்கற குட்டி முடிச்சுத் தையல் போடுங்க, மைனஸ்ல போற அகத்தியருக்கும் சிரியசுக்கும் மட்டும் மூணு சுத்து. திருவாதிரைக்கு செங்கல் கலர், ரைஜெலுக்கு வெளிர்நீலம்.

மொத தடவ நான் துணியோட பின்பக்கத்துல வரஞ்சி தொலச்சிட்டேன், ஓரியன் நட்சத்திரக் கூட்டம் இடவலம் மாறிட்டு. அத்தை பாத்துட்டு "நல்லாத்தான இருக்கு"ன்னாங்க, எனக்கு மனசு கேக்கல, அம்புட்டையும் பிரிச்சேன். நட்சத்திரத்த எரிய வைக்கிற எல்இடி, கரண்ட் கடத்துற நூலெல்லாம் பிறகு பாத்துக்கிடலாம், ப்ளஸ் நூலும் மைனஸ் நூலும் பின்னால உரசிச்சுன்னா லைட்டே எரியாது, அது தனி ரோதனை.