கார்டுக் கடனுக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

வணக்கம்ங்க. பெருமாநல்லூரில் குடியிருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வயது 46, கைக்கு 42,000 வருகிறது. பையன் காலேஜ் ஃபீஸ், தங்கச்சி வீட்டுச் சீர் என்று செலவானதில் ஒரு கிரெடிட் கார்டில் 1,60,000 (மாச வட்டி 3.75%), இன்னொன்றில் 80,000 (3.5%) நிற்கிறது. மாசம் 12,000 மினிமம் டியூ கட்டியும் கடன் அசையவில்லை. 13 வருஷ பி.எஃப்.பில் 5.5 லட்சம் இருக்கிறது. அதை எடுத்து அடைக்கலாமா, ஏலச்சீட்டில் சேர்ந்து முதல் மாசமே எடுக்கலாமா? வயசான காலத்துக்கு வேறு சேமிப்பு இல்லை. வீட்டில் நகை இருக்கிறது.

அன்புள்ள நண்பருக்கு,

பி.எஃப்.பைத் தொடாதீங்க. சீட்டும் வேண்டாம். முதல் மாசமே எடுத்தால் தள்ளுபடியாகப் பெரிய தொகை போய்விடும், பாக்கி மாசமெல்லாம் தவணை மட்டும் மிஞ்சும். நகையை வையுங்கள்.

கடன் ஏன் அசையவில்லை என்று கணக்குப் போட்டால் தெரியும். மாச வட்டி 6,000 + 2,800 = 8,800. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 1,584. ஆக 10,384 போய், உங்கள் 12,000-இல் அசலுக்குச் சேர்வது 1,616 மட்டுமே. இதைவிட மோசம் ஒன்று உண்டு. பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்றைக்கு மளிகைக்குத் தேய்த்தால் இன்றிலிருந்தே வட்டி. கார்டை இனி தேய்க்காமல், 12,000-ஐக் குறைக்காமல் கட்டினாலும் கிட்டத்தட்ட 4 வருஷம் ஆகும்.

வங்கி நகைக்கடனை வருஷத்துக்கு 10% என்றே வைப்போம். 2,40,000-க்கு முதல் மாச வட்டி 2,000. அதே 12,000-ஐக் கட்டினால் 22 மாசத்தில் நகை வீடு வந்து சேரும். நகை மதிப்பில் 75% கடன் கிடைத்தால் 3,20,000 பெறுமான நகை வேண்டும். கல் எடையைக் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள், செய்கூலி, சேதாரம் கணக்கில் வராது. வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் திட்டத்தில் போடாதீங்க. மாசாமாசம் கட்டச் சொல்ல ஆளில்லாமல் 2.4 லட்சம் 2.64 லட்சமாகி, திருப்பி வைத்து, திருப்பி வைத்து, கடைசியில் ஏலத்தில் நிற்கும். மாசத் தவணைத் திட்டம் கேளுங்கள். தீபாவளி போனஸ் வந்ததும் அசலில் போடுங்கள். நகை வீட்டுக்காரம்மாவுடையது என்றால் கடன் அவர் பேரிலேயே இருக்கட்டும்.

கார்டை அடைக்கும்போது ஒரு சிக்கல். ஸ்டேட்மெண்டில் இருக்கும் தொகையை முழுசாகக் கட்டியும் அடுத்த மாசம் ஆயிரக்கணக்கில் பில் வரும். ஸ்டேட்மெண்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் நடுவிலான வட்டி அது. பலர் "அதான் அடைச்சாச்சே" என்று விட்டுவிட, தாமதக் கட்டணம் ஏறி, சிபிலில், அதாவது வங்கிகள் பார்க்கும் கடன் பதிவில், கறை விழுகிறது. அதையும் கட்டுங்கள். ஆட்டோ டெபிட்டில் இன்சூரன்ஸ், ஓடிடி எதுவும் இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை வங்கி 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூடிய கடிதத்தை வாங்கி வையுங்கள். நகைக்கடன் வாங்கிவிட்டுக் கார்டையும் பர்சில் வைத்திருந்தால் ஆறு மாசத்தில் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும். இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். குறைத்து முடிக்கலாம் என்று வங்கி செட்டில்மெண்டுக்கு அழைத்தாலும் போகாதீங்க. சிபிலில் 'செட்டில்டு' என்று விழுந்தால் பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது இடிக்கும்.

இப்போது பி.எஃப். கணக்கு. 8.25% வட்டி நீடித்தால் அந்த 5.5 லட்சம் 58 வயதில் 14 லட்சத்தைத் தாண்டும். அதில் 2.4 லட்சத்தை இன்றைக்கு எடுத்தால், அப்போது 6.2 லட்சம் குறையும். நகைக்கடன் முடிந்த மாசத்திலிருந்து 12,000-ஐ விபிஎஃப்.பில், அதாவது பி.எஃப்.பில் நீங்களாக விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வதில், போடுங்கள். 10 வருஷத்தில் சுமார் 22 லட்சம் சேரும். உங்கள் பங்களிப்பு வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டாததால் வட்டிக்கு வரியும் இல்லை.

ஓய்வு பெற்றதும் இந்த இரண்டும் சேர்ந்த தொகையில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2% வட்டியில் மூன்று மாசத்துக்கு 61,500, அதாவது மாசம் 20,500. பி.எஃப்.போடு சேர்ந்த இபிஎஸ் பென்ஷன் மாசம் ஐயாயிரத்தைச் சுற்றி வரும். வட்டி விகிதம் மாறக்கூடியது. விலைவாசி வருஷம் 6% ஏறினால் அந்தப் பணம் இன்றைய பாதி அளவுக்குத்தான் வாங்கும். ஆகையால் சம்பளம் ஏறும்போதெல்லாம் விபிஎஃப்.பையும் ஏற்றுங்கள். பல கம்பெனிகளில் இந்த மாற்றத்தை ஏப்ரலில்தான் ஏற்பார்கள். மார்ச்சிலேயே ஹெச்ஆரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.