விசைப்படகுக்காரருக்கு பிரிட்டன் விசிட் விசா: கைதை மறைக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் சொந்த விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்க, மனைவியுடன் இரண்டு மாதம் போய்வர விரும்புகிறேன். என் வரவு செலவு பெரும்பாலும் ரொக்கம்தான். முன்பு ஒருமுறை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்று, அங்குள்ள நீதிமன்றம் எங்களை விடுவித்தது. கைமாற்று வாங்கி வங்கியில் எட்டு லட்சம் போடச் சொல்கிறார் ஏஜென்ட். கைதையும் சொல்ல வேண்டாம் என்கிறார். சரிதானா?

பதில்: இரண்டுமே தவறு. அதிலும் கைதை மறைப்பது பெரிய ஆபத்து.

எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா, எங்கிருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டதுண்டா என்று விண்ணப்பப் படிவமே கேட்கிறது. இலங்கை நீதிமன்றங்கள் நம் மீனவர்களை நிபந்தனையின்றி விடுவிப்பதும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்து, அதை ஒத்திவைத்து ஊருக்கு அனுப்புவதும் உண்டு. ஒத்திவைக்கப்பட்டாலும் அது தண்டனைதான். ஆகவே அப்போது ஆஜரான வழக்கறிஞர் மூலம் தீர்ப்பின் நகலைப் பெற்று, உங்களுக்கு நேர்ந்தது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட வழக்கு என்பதை நாலு வரியில் விளக்கி, நகலையும் இணையுங்கள். தண்டனை இருந்தால் அதன் அளவையும் தேதியையும் வைத்து அதிகாரி முடிவெடுப்பார். மறைத்தது தெரியவந்தாலோ, ஏமாற்றியதாகக் கருதிப் பத்தாண்டு வரை விசா மறுக்க அந்நாட்டு விதிகளில் இடமுண்டு.

பணத்துக்கு வருவோம். பிரிட்டன் விசாவுக்குக் கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிர்ணயத் தொகை எதுவும் கிடையாது. திடீரென வந்து விழும் எட்டு லட்சம் யாருடையது என்றுதான் அதிகாரி கேட்பார். படகுப் பதிவுச் சான்று, மானிய டீசல் பாஸ்புக், இறாலும் கணவாயும் எடுக்கும் வியாபாரியின் பில்கள், வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கி அறிக்கை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தி நின்றால், சிறிய இருப்பும் நம்பத்தக்கதாகும். இனிமேலாவது மீன் விற்ற பணத்தை வங்கி வழியாக வாங்கப் பாருங்கள். டிக்கெட் செலவை மகள் ஏற்பதாக இருந்தால், அவரது சம்பளச் சீட்டுகளும் அழைப்புக் கடிதமும் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள தாள்களுக்கு, மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

திரும்பி வருவீர்கள் என்பதைக் காட்ட உங்களிடம் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்குள் பயணத்தை அமைத்து, தடை முடிந்ததும் படகைக் கடலுக்கு இறக்க ஊரில் இருந்தாக வேண்டும் என்று எழுதினால், மாதச் சம்பளக்காரர் காட்டும் விடுப்புக் கடிதத்துக்கு அது சற்றும் குறைந்ததல்ல. அரசின் தடைக்கால அறிவிப்பு நகலையும் சேருங்கள்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், தடை தொடங்கும்போது கிளம்ப ஜனவரி நடுவில் ஆன்லைனில் படிவத்தை நிரப்பலாம். கைரேகையும் புகைப்படமும் கொடுக்கச் சென்னை விசா மையத்துக்கு இருவரும் நேரில் போக வேண்டும்; அதன்பின் முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். மனைவிக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். கைது குறித்த கேள்விக்கு அவர் தம்மைப் பற்றி மட்டும் பதில் எழுதினால் போதும்.