‘சிஃபெல்’ என்றால் என்ன கருவி?

கேள்வி: 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தச்சு நூல்களையும், இறந்தவர்களின் உடைமைப் பட்டியல்களையும் ஸ்கேன் பிரதிகளில் படிக்கிறேன். உளி என்று தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. ‘சிஃபெல்’, ‘நாகர்’ என்று புரியாத பெயர்கள் வருகின்றன. இவை பிழைகளா? படியெடுக்கும்போது திருத்திவிடலாமா?

பதில்: திருத்தாதீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

‘சிஃபெல்’ ஸ்கேனை எழுத்தாக மாற்றும்போது கணினி செய்த குழப்பம். அந்தக் காலத்தில் உளியைக் குறிக்கும் ‘சிசல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நடுவில் ஒரு எஸ் போதாது, இரண்டு போடுவார்கள். ஜோசப் மாக்ஸன் 1678 வாக்கில் மாதப் பகுதிகளாக வெளியிட்ட கைத்தொழில் நூலிலும் இரட்டை எஸ்தான். போதாததற்கு, சொல்லின் நடுவில் வரும் எஸ் நீளமாக, ஏறக்குறைய எஃப் போலவே அச்சாகும். உற்றுப் பாருங்கள்: குறுக்குக்கோடு தண்டின் இடப்பக்கம் மட்டும் லேசாகத் துருத்தும், வலப்பக்கம் வராது. கணினிக்கு அந்த வேறுபாடு பிடிபடுவதில்லை. 1800ஐ ஒட்டி அந்த நீள எழுத்து அச்சிலிருந்து மறைந்தது. ஆகவே அதற்கு முந்தைய நூல்களில் ஒற்றை எஸ், இரட்டை எஸ், இரட்டை எஃப் என மூன்று விதமாகவும் தேடுங்கள்.

‘நாகர்’ பிழையே இல்லை. மரத்தில் துளை போடும் ஆகரின் பழைய, சரியான பெயர் அதுதான். பழைய ஆங்கிலத்தில் அது வண்டிச் சக்கரத்தின் குடத்தைத் துளைக்கும் ஈட்டி என்று பொருள்படும் கூட்டுச்சொல். முன்னால் ‘எ’ சேர்த்துச் சொல்லும்போது ந ஒலி அந்த ‘எ’யோடு ஒட்டி ‘ஆன்’ ஆகிவிட்டது, மிச்சம் ஆகர் நின்றது. ஏப்ரனும் இப்படித்தான் தன் ந-வை இழந்தது. பட்டியல் எழுதிய ஊர்க்காரர் காதில் விழுந்ததை எழுதினார். நீங்கள் ந-வை வெட்டினால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

பொதுவாக, கையெழுத்துப் பட்டியல்களை வாய்விட்டுப் படியுங்கள், பாதிப் பெயர்கள் தாமாகவே விளங்கும். அச்சு நூல்களில் சில சொற்கள் வேறு சொல்லின் வேடத்தில் வரும். மாக்ஸன் நூலில் ‘டெனன்ட்’ ரம்பம் என்று கண்டால் குடித்தனக்காரரைத் தேட வேண்டாம்; மூட்டில் செருகும் முளையை அறுக்கும் டெனன் ரம்பம்தான் அது. இழைப்புளி, ‘எளிய’ என்று பொருள்படும் பிளெயினின் எழுத்துகளோடும் வரும். கோடு கிழிக்கும் கேஜில் யு இருக்காது. அமெரிக்காவில் இன்றும் சிலர் அப்படி எழுதுகிறார்கள்.

எது ‘சரி’ என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வாய்ச்சியைக் குறிக்கும் ‘அட்ஸ்’ கொச்சை, ‘அடிஸ்’தான் முறையானது என்று சாமுவேல் ஜான்சன் 1755 அகராதியில் எழுதினார். இன்று அடிஸைச் சொல்ல ஆளில்லை. கோடரியைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ என்ற சொல்லுக்கு இறுதி இ தேவையில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பு வாதாடியது. பிரிட்டனில் இ நிலைத்துவிட்டது.

சரி, படியெடுப்பது எப்படி? மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் இன்றைய வடிவத்தைக் கொடுங்கள். நீள எஸ்ஸை மட்டும் சாதாரண எஸ்ஸாக மாற்றலாம். அது எழுத்தின் உருவம்தான், எழுத்துக்கூட்டல் அல்ல. மாற்றியிருப்பதை முதல் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.