அடகுக்கடைக்கு முன்னால் ஒரு அட்டை

கேள்வி: மாமனாருக்குச் சர்க்கரை, மாமியாருக்கு பிரஷர். இப்போது கணவருக்கு இதயத்தில் அடைப்பாம். ஆட்டோதான் பிழைப்பு. நகையெல்லாம் அடகில். என்ன செய்வது அக்கா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாலிக்கொடியைக் கழற்றுமுன் மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேடும்மா. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையா? வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போ. அட்மிஷனுக்கு முன்பே, "இந்த ஆபரேஷன் திட்டத்தில் வருமா?" என்று கவுண்டரில் கேட்டுவிடு; பில் போட்டபின் கேட்டால் கையை விரிப்பார்கள் (எத்தனை கடிதம் படித்திருக்கிறேன்!). பெரியவர்களின் மாத்திரைக்கு மெடிக்கலில் ஏன் அழ வேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே வரும். உன் கணவருக்கு நெஞ்சுவலி வந்தால் மட்டும் அட்டை, கணக்கெல்லாம் அப்புறம். உடனே 108-ஐக் கூப்பிடு.