பூஞ்சை பிடித்த நெகட்டிவைக் கழுவக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். ரயில்வேயில் இருந்த அப்பா, 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியில் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் பிறகு எடுத்த கலர் ஸ்லைடுகளுமாக 200 வரை ஒரு பிஸ்கட் டப்பாவில் உள்ளன. பலவற்றில் சிலந்தி வலை போல வெள்ளை படர்ந்திருக்கிறது. சிலவற்றில் புளித்த வாடை. "டப்பாவோடு கொடுங்கள், கழுவி ஸ்கேன் பண்ணித் தருகிறோம்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 'கழுவி' என்று சொன்னாரே, அந்த ஒரு சொல் போதும்.

பிலிமில் படம் இருப்பது ஜெலட்டின் பூச்சில். அது பூஞ்சைக்கு நல்ல தீனி. பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும். கழுவினால் பூஞ்சையோடு உங்கள் அப்பா எடுத்த படமும் வழிந்துவிடும். மருந்துக்கடையில் 70 சதவீதம் என்று போட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டாம், மீதி 30 தண்ணீர்தான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மீன் காய வைப்பதுபோல வெயிலிலும் போடாதீர்கள். பிலிம் சுருளும், கலர் வெளுக்கும்.

தண்ணீருக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. புயலில் கடல்தண்ணீர் வீட்டுக்குள் வந்து, நல்ல நிலையில் இருந்த பிலிம் நனைந்துவிட்டால், அதைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். உப்பு போக இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் மாற்றி, குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்தபடியே 48 மணி நேரத்துக்குள் பிலிம் கழுவும் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். "லேபிலேயே தண்ணீரில்தானே கழுவுகிறார்கள்" என்று இப்படி டப்பாவோடு கேட்கும் ஏஜென்ட்டுகள் வாதாடுவது இதை வைத்துத்தான். அது நேற்று நனைந்த, ஜெலட்டின் கெடாத பிலிமுக்கு. பல வருடம் பூஞ்சை ஊறிய உங்கள் டப்பாவுக்கு இல்லவே இல்லை.

இனி வேலை. காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் நண்பகலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். முகக்கவசமும் பஞ்சுக் கையுறையும் போட்டு, பிலிமை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். நல்லது, பூஞ்சை பிடித்தது, புளித்த வாடை வருவது என்று மூன்றாகப் பிரியுங்கள். புளித்த வாடை வினிகர் வாடை. படப்பூச்சைத் தாங்கும் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதைந்து அமிலம் விடுகிறது. அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் அவற்றை மூடிய டப்பாவில் போடாமல், காகித உறையில், தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். ஸ்கேனுக்கு முதலில் போக வேண்டியவையும் இவைதான், சுருங்க ஆரம்பித்தால் திரும்ப வராது.

பூஞ்சை பிடித்தவற்றைக் காற்றுப்புகாத 5 லிட்டர் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு ஐந்து நாள் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடாதீர்கள், தூசியும் வண்டும் சேரும். காய்ந்த பூஞ்சை பொடியாகிவிடும். ரப்பர் ஊதியால் ஊதி, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கலான பக்கத்தில்தான் படம். அதைத் துடைக்கவே வேண்டாம். பளபளக்கும் பக்கத்தில் விரல் ரேகை இருந்தால் மட்டும், ரசாயனக் கடையில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைலைப் பஞ்சில் லேசாக நனைத்து ஒரு இழுப்பு. போகாத கறையைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம்.

ஸ்லைடு அட்டையில் அப்பா எழுதிய இடம், வருடம் எல்லாவற்றையும் இரு பக்கமும் மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். அந்தக் கையெழுத்து ஸ்கேனில் வராது. பென்சிலால் வரிசை எண் போடுங்கள். நெகட்டிவுக்கு உறையின் மேல், உள்ளே போடுவதற்கு முன்பே. உறை பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மழைக்கோட்டு வாடை அடிக்கும் பி.வி.சி உறை பிலிமில் ஒட்டும்.

பழைய பத்திரம், ஓலைச்சுவடி என்றால் கேட்க ஆளாவது இருக்கிறது. கடல் கொண்ட ஊரின் படம் ஒரு வீட்டு டப்பாவில் கிடந்தால் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? டிஜிட்டல் ஆக்கம் என்றாலே பக்கக் கணக்கில் காகிதத்தை ஸ்கேன் செய்வது என்றாகிவிட்டது. இந்த ஓட்டையில்தான் இடைத்தரகர் நுழைகிறார். பலரிடம் ஸ்கேனரே கிடையாது. இங்கே வசூலித்து, மூட்டை கட்டி, வெளியூருக்கு அனுப்புவார்கள். வழியில் கலந்துபோனால் யாரைக் கேட்பீர்கள்?

ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் நேரே போங்கள். சோதனைக்கு, போனாலும் பரவாயில்லை என்கிற 20 மட்டும், எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். நெகட்டிவ் பட்டையை ஒவ்வொன்றாக வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். 35 மி.மீ. பிலிமுக்கு 4000 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு அத்தனை புள்ளி), ஸ்கேனரின் லென்ஸே எடுக்கும் ஒளியியல் அளவில். மென்பொருளில் ஊதிப் பெருக்கிய அளவில் அல்ல. அப்படி எடுத்தால் ஒரு படம் சுமார் 5600க்கு 3700 புள்ளி வரும். தரம் குறைக்காமல் சேமிக்கும் 16 பிட் கலர் டிஃப் (TIFF) கோப்பு 120 எம்பியைத் தாண்டும். 3 எம்பி ஜேபெக்கைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாலோ, வாட்ஸாப்பில் அனுப்பினாலோ வாங்காதீர்கள். கறுப்பு வெள்ளைக்குத் தானியங்கித் தூசி நீக்கம் போடக் கூடாது. அது அகச்சிவப்பு ஒளியில் தூசியைக் கண்டுபிடிப்பது. படத்தின் வெள்ளியே அந்த ஒளியை மறைப்பதால் முகத்தையும் தூசி என்று அழித்துவிடும்.

அந்த 20 சரியாக வந்தால், அடுத்து வினிகர் வாடை அடிப்பவற்றைக் கொடுங்கள். "இது போச்சு, தூக்கிப் போடுங்கள்" என்பார்கள். போடாதீர்கள். சுருண்ட பிலிமையும் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து ஸ்கேன் செய்யலாம்.